சாகாமை வேறு, நித்திய ஜீவன் வேறு

திருவிடைமருதூர் மகாலிங்கசுவாமி கோயிலுக்குக் கிழக்குக் கோபுரம் வழியாக நுழைந்தவர்கள் அதே வழியாகத் திரும்பக் கூடாது என்பார்கள். வரகுண பாண்டியனைத் துரத்தி வந்த பிரமகத்தி அந்த வாசலில் இன்னும் காத்திருக்கிறது என்பது கதை. அந்தக் கிழக்கு வாசலில்தான் பட்டினத்தார் இருந்தார் என்றும், அவருடைய சீடர் பத்திரகிரியார் மேலக் கோபுரத்தில் ஒரு திருவோடும் ஒரு நாயுமாக இருந்தார் என்றும் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். பிச்சை கேட்டு வந்த ஒருவரைப் பட்டினத்தார், மேல வாசலில் ஒரு சம்சாரி இருக்கிறான், அவனைப் போய்க் கேள் என்று அனுப்பினாராம். ஓடும் நாயும்கூடத் தன்னைச் சம்சாரியாக்கிவிட்டன என்று பதறிய பத்திரகிரியார் ஓட்டை வீசி எறிந்தார். அது நாயின் மேல் பட்டு நாய் செத்தது. அந்த நாயே காசி மன்னன் மகளாகப் பிறந்து, பழைய நினைவோடு குருவைத் தேடி இதே வாசலுக்கு வந்து முத்தி பெற்றது என்று கதை முடிகிறது.

சாவு ஒரு கதவுதான் என்று நம்பிய மனிதர்களின் கதை இது. ஆனால் இதே பட்டினத்தார் காவிரிப்பூம்பட்டினத்தில் தாயின் சிதைக்கு முன் நின்று பாடியதாக வழங்கும் பாடல்களில் அந்த நிம்மதி இல்லை. உயிர் அழியாது என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் அங்கே அவர் உயிரைப் பற்றிப் பேசவே இல்லை. சுமந்த வயிற்றையும் பால் தந்த மார்பையும் தூக்கி வளர்த்த கைகளையும் ஒவ்வொன்றாகச் சொல்லி, இவற்றுக்கா நான் தீ வைப்பேன் என்று கேட்கிறார். எல்லாம் துறந்தவருக்கும் அந்த உடம்பைத் துறக்க முடியவில்லை. டெல்டாவில் இன்றும் சுடுகாட்டில் யாராவது ஒரு பெரியவர் அந்தப் பாட்டை எடுத்துவிட்டால், அதுவரை கல்லாக நின்ற மகனும் உடைந்துபோவான்.

மனிதன் சாகாமல் இருக்க ஏன் ஆசைப்படுகிறான் என்ற கேள்வியை இந்தச் சிதையருகே நின்று கேட்பதுதான் சரி என்று நினைக்கிறேன். 'நான் இல்லாமல் போய்விடுவேனே' என்ற அச்சத்திலிருந்துதான் தத்துவ நூல்கள் பெரும்பாலும் தொடங்குகின்றன. நம் ஊர்ச் சாவு வீடுகளில் கேட்கும் அழுகை அதுவல்ல. 'நீ இல்லாமல் போய்விட்டாயே' என்பதுதான் ஒப்பாரியின் அடி. நித்திய ஜீவனைப் பற்றிக் கிறிஸ்தவம் சொல்வது என்ன என்பதை இந்த இரண்டாவது அழுகையை வைத்துத்தான் எடைபோட வேண்டும். முதலாவதற்கு மட்டும் பதில் சொல்லும் எந்த நம்பிக்கையும் பாதிப் பதிலே.

காவிரிக் கரையில் சாவை வெல்லும் கதைகளுக்குக் குறைவில்லை. பிரளயத்தில் மிதந்து வந்த அமுதக் குடம் உடைந்த இடம் கும்பகோணம். அமுதம் வழிந்து நின்ற குளத்தில்தான் 12 ஆண்டுக்கு ஒரு முறை மகாமகம் நடக்கிறது, கடைசியாக 2016இல் நடந்தது. அமுதக் குடமே லிங்கமாக நிலைத்த இடம் திருக்கடையூர். பதினாறு வயது மார்க்கண்டேயன் கட்டிக்கொண்ட லிங்கத்திலிருந்து சிவன் வெளிப்பட்டு எமனை உதைத்ததும் அங்கேதான். அறுபதாம் கல்யாணமும் எண்பது நிறைந்தவர்களுக்குச் சதாபிஷேகமும் நடக்கும் மண்டபங்களில் போய்ப் பாருங்கள். கலச நீரை ஊற்றும்போது கிழவரும் கிழவியும் குளிரில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். குடத்தைத் தூக்கி ஊற்றுவது பிள்ளைகள், மருமகள்கள், பேரன் பேத்திகள். ஆயுள் நீளவேண்டும் என்று மன்றாடுவது பெரும்பாலும் ஆயுளுக்கு உரியவர் இல்லை, அவரை இழக்க மனமில்லாதவர்களே.

திருவாவடுதுறைக் கதை இன்னும் கூர்மையானது. இடைமருதூர்க் கோயிலை நிர்வகிக்கும் ஆதீனத்தின் ஊர் அது. பக்கத்துச் சாத்தனூரில் மாடு மேய்த்த மூலன் செத்துக் கிடக்க, பசுக்கள் அவனைச் சுற்றிக் கதறுவதைப் பொறுக்காமல் வழிப்போக்கரான யோகி அவன் உடம்புக்குள் புகுந்தார் என்கிறது பெரிய புராணம். பசுக்கள் தேறின. மாலையில் மூலனின் மனைவி வந்து அழைக்கிறாள். உனக்கும் எனக்கும் உறவில்லை என்று சொல்லி அவர் மடத்துக்குள் போய்விடுகிறார். திருமூலர் நமக்குக் கிடைத்தார், திருமந்திரம் கிடைத்தது. அந்தப் பெண்ணுக்கு என்ன கிடைத்தது? கணவனின் உடம்பு நடமாடுகிறது, கணவன் இல்லை. பட்டினத்தாரோ உயிர் அழியாது என்று அறிந்தவர். ஆனால் தாயின் கை சாம்பலாகிறது. உடம்பு மட்டும் போதாது என்பதற்கு அவளும், உயிர் மட்டும் போதாது என்பதற்கு இவரும் சாட்சி.

தமிழ் மரபு வேறு விடைகளையும் தந்திருக்கிறது. சங்க காலத்து விடை புகழ். ஆநிரை மீட்டு விழுந்தவனின் பெயரைக் கல்லில் எழுதி நட்டார்கள். நீண்ட ஆயுள் தரும் நெல்லிக்கனியை அதியமான் தான் தின்னாமல் ஔவைக்குக் கொடுத்ததை அவளே பாடிவைத்தாள்; என்னைக் கேட்டால் சாகாமை பற்றித் தமிழில் உள்ள மிக அழகிய செய்தி அதுதான், ஏனென்றால் அங்கே சாகாமை கைக்கு வந்ததும் இன்னொருவருக்குப் போய்விடுகிறது. சித்தர்கள் காயத்தையே கற்பமாக்கப் பார்த்தார்கள். சைவ சித்தாந்தம், உயிர் அநாதியானது, மலம் நீங்கிச் சிவத்தோடு கலந்தாலும் தன் இருப்பை இழக்காமல் அந்த இன்பத்தை நுகரும் என்கிறது. கடலில் கரைந்த துளியாக உயிரைக் காட்டும் கொள்கைகளிலிருந்து இது விலகி நிற்கிறது. கிறிஸ்தவத்துக்கு மிக நெருங்கி வருவதும் இந்த இடத்தில்தான்.

வள்ளலார் இவர்கள் எல்லாரையும் தாண்டிப் போனார். மரணமிலாப் பெருவாழ்வு என்று அவர் சொன்னது உருவகம் அன்று. இறந்தவர்களை எரிக்காதீர்கள், புதையுங்கள், அருட்பெருஞ்ஜோதி அவர்களை எழுப்பும் என்று தம்மைச் சேர்ந்தவர்களிடம் வற்புறுத்தினார். 1874 ஜனவரி 30ஆம் தேதி மேட்டுக்குப்பத்து அறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டவர் திரும்ப வெளியே வரவில்லை. உடம்பு எழும் என்ற நம்பிக்கை தமிழ் நிலத்துக்கு முழுக்க அந்நியம் என்று பேசுகிறவர்கள் வடலூரை மறந்துவிடுகிறார்கள்.

கிறிஸ்தவர்கள் இந்த உரையாடலுக்குள் வந்தது 17ஆம் நூற்றாண்டில். 1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் ராபர்ட் தெ நொபிலி, 'ஆத்தும நிர்ணயம்' என்று ஒரு நூலும் 'புனர்ஜென்ம ஆட்சேபம்' என்று மறுபிறவியை மறுத்து ஒரு நூலும் தமிழிலேயே எழுதினார். பிறவிச் சுழற்சியை உடைத்தால்தான் ஒரே வாழ்வு, ஒரே மரணம், ஒரே தீர்ப்பு என்ற தன் கூற்று நிற்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. முத்தியைக் குறிக்க நம்மிடம் இருந்த மோட்சம் என்ற சொல்லையே கத்தோலிக்கர்கள் எடுத்துக்கொண்டார்கள். இடையில், ஆன்மாக்கள் தூய்மையாகும் 'உத்தரிக்கிற ஸ்தலம்' ஒன்றையும் வைத்தார்கள்.

1706 ஜூலை 9ஆம் தேதி, எமனை உதைத்த கடையூருக்குப் பக்கத்திலேயே இருக்கும் தரங்கம்பாடியில் லுத்தரன் குருவான சீகன்பால்கு கரையிறங்கினார். போதிப்பதோடு அவர் நிற்கவில்லை. இந்த நாட்டு மக்களிடம் கேள்விகளை எழுதியனுப்பி, அவர்கள் தமிழில் எழுதிய பதில்களை ஜெர்மன் மொழியில் பெயர்த்து ஹாலே நகருக்கு அனுப்பினார். 1719இல், நாற்பது வயதைக்கூட எட்டாமல் இறந்தார்; தாம் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்யப்பட்டார். கொள்ளிடத்துக்கு வடகரையில் ஏலாக்குறிச்சியோடு பெயர் இணைந்த வீரமாமுனிவரின் தேம்பாவணி, சூசையப்பர் விண்ணில் முடிசூடுவது வரை போகிறது. வைணவராய் இருந்து கிறிஸ்தவரான எச். ஏ. கிருஷ்ணபிள்ளை, ஜான் பன்யனின் நூலைத் தழுவி இரட்சணிய யாத்திரிகம் பாடினார். பன்யனிடம் மோட்சத்தின் முன்னால் ஓடும் மரண ஆற்றைக் கண்டபோது, வைகுந்தத்தின் முன் ஓடும் விரஜை நதி கிருஷ்ணபிள்ளைக்கு நினைவுக்கு வராமல் இருந்திருக்குமா?

சரி, கிறிஸ்தவம் சொல்வது உண்மையில் என்ன? இதில் கிறிஸ்தவர்களிடையேயும் குழப்பம் அதிகம். 'ஆத்துமா சாகாது, அது மோட்சத்துக்குப் போகும்' என்பதோடு பலரும் நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் ஞாயிறுதோறும் அவர்கள் சொல்லும் விசுவாசப் பிரமாணத்தில் இருப்பது சரீரத்தின் உயிர்த்தெழுதல். 1955இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில் இறையியலாளர் ஆஸ்கர் குல்மன் இதைப் பட்டென்று போட்டு உடைத்தார். அழியாத ஆத்துமா என்பது கிரேக்கச் சிந்தனை, செத்தவர் எழுவது விவிலியச் சிந்தனை, இரண்டையும் ஒன்றென்று எண்ணுவது தவறு என்றார். சாக்ரடீஸ் அமைதியாக நஞ்சருந்தினார். இயேசு கெத்சமனே தோட்டத்தில் நடுங்கினார். குல்மன் கோட்டை மிக அழுத்தமாகக் கிழித்துவிட்டார் என்ற மறுப்பும் நியாயமானதே. ஆனாலும் அவருக்கு ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்பே தாமஸ் அக்குவினாஸ், என் ஆன்மா மட்டுமே நான் ஆகாது, ஆன்மா மட்டும் மீட்கப்பட்டால் நான் மீட்கப்பட்டதாகாது என்று எழுதியிருக்கிறார். மூலனின் மனைவிக்கும் பட்டினத்தாருக்கும் அது புரிந்திருக்கும்.

எழும் உடம்பு எப்படியிருக்கும் என்று கொரிந்து நகரத்தார் கேட்டதற்குப் பவுல் விதையைக் காட்டினார். அவர் கோதுமை கண்டவர். நமக்கு நெல். குறுவைக்கு விதைநெல் மூட்டையைத் தண்ணீரில் ஊறப்போட்டு, எடுத்து வைக்கோல் மூடி முளைகட்டி, நாற்றங்காலில் தெளிப்பார்கள். நாற்றுப் பறிக்கும்போது ஒன்றைக் கையில் எடுத்து வேரைக் கழுவிப் பாருங்கள்: வேருக்கு மேலே வெறும் உமி ஒட்டிக்கொண்டிருக்கும், உள்ளே அரிசி இருக்காது. விதைத்தது காலியாகிவிட்டது. ஆனால் எழுந்து நிற்பது வேறொன்றின் பயிர் ஆகாது, அந்த நெல்லின் பயிர்தான். ஆள் மாறாமல், நிலை மாறும் என்பதே பவுலின் வாதம். பழைய உடம்பு அப்படியே புழுதி தட்டிக்கொண்டு எழும் என்று அவர் சொல்லவில்லை. உடம்பு தேவையில்லை என்றும் சொல்லவில்லை.

இது வெறும் ஆசையின் கற்பனை, ஏழைக்கு மோட்சத்தைக் காட்டி இம்மையைப் பிடுங்கிக்கொள்ளும் தந்திரம் என்று பகுத்தறிவு இயக்கம் இந்த மண்ணில் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறது. மோட்சத்தைக் காட்டி நியாயத்தைத் தள்ளிப்போட்டவர்கள் இருந்தார்கள் என்பதால் அந்தக் குற்றச்சாட்டைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் அந்த நம்பிக்கை பிறந்த விதம் வேறு. பழைய இஸ்ரவேலர்கள் பல நூற்றாண்டுகள் மறுமை பற்றிய தெளிவான வாக்குறுதி ஏதுமின்றிக் கடவுளை வணங்கினார்கள். செத்தவர்கள் போகும் பாதாளம் நிழல் போன்ற இடம், அங்கே துதியும் இல்லை. இயேசுவின் காலத்திலும் சதுசேயர்கள் என்ற யூதப் பிரிவினர் உயிர்த்தெழுதலை மறுத்தார்கள். சாகாமல் இருக்கும் ஆசைதான் காரணம் என்றால் அந்த நம்பிக்கை தொடக்கத்திலேயே வந்திருக்க வேண்டும். அது தெளிவாகப் பேசத் தொடங்கியது கி.மு. 2ஆம் நூற்றாண்டில், அந்தியோக்கு மன்னன் யூதர்களை அவர்கள் நம்பிக்கைக்காகவே வதைத்துக் கொன்றபோது.

மக்கபேயர் இரண்டாம் நூலின் ஏழாம் அதிகாரத்தில் ஒரு தாய் வருகிறாள். கத்தோலிக்கர்களின் விவிலியத்தில் இந்த நூல் உண்டு, சீர்திருத்த சபையாரின் வேதாகமத்தில் இல்லை. அவளுடைய ஏழு மகன்களையும் அவள் கண்ணெதிரே ஒரே நாளில் கொல்கிறார்கள். மூன்றாமவன் கைகளை நீட்டி, இவற்றை விண்ணகத்திலிருந்து பெற்றேன், திரும்பவும் பெறுவேன் என்ற பொருளில் பேசுகிறான். நீங்கள் என் வயிற்றில் எப்படி உருவானீர்கள் என்று எனக்கே தெரியாது, உங்களை உருவாக்கியவர் திரும்பத் தருவார் என்று தேற்றுகிறாள் தாய். பட்டினத்தாரின் சிதையருகே இதை வைத்துப் படித்தால் உடம்பு நடுங்குகிறது. அங்கே தாயின் கைகளுக்காக மகன் அழுதான், இங்கே மகன்களின் கைகளுக்காகத் தாய் வழக்காடுகிறாள். வயிறு, கை, பால் என்று இருவரும் பேசும் பொருள் ஒன்றே. உடல் திரும்பக் கிடைக்கும் என்ற வாக்கு வந்தது அநியாயமாய்ச் செத்தவர்களின் தாயிடமிருந்து.

வாக்கு இருந்தாலும் அழுகை நிற்பதில்லை. லாசரை எழுப்பப் போகிற இயேசுவே அவன் கல்லறைக்கு வந்தபோது கண்ணீர் விட்டார். 387இல் ஒஸ்தியா துறைமுகத்தில் தாய் மோனிக்கா இறந்தபோது, அழுவது விசுவாசக் குறைவு என்று நினைத்து அகுஸ்தீன் கண்ணீரை அடக்கிக்கொண்டார். பிறகு தனியே அழுது தீர்த்தார். அதை மறைக்காமல் தம் நூலில் எழுதி, யாரும் சிரிக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். இந்த உடம்பை எங்கே வேண்டுமானாலும் புதையுங்கள், பீடத்தண்டை என்னை நினைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் மோனிக்காவின் கடைசி வேண்டுகோள். நவம்பர் 2 கல்லறைத் திருநாளன்று டெல்டாவின் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டங்களில் நடப்பது அதுவேதான். அதற்கு முந்தைய நாட்களில் புல் செதுக்கி, சிமெண்ட் கல்லறைகளுக்கு வெள்ளையடித்து, அழிந்த பெயருக்குக் கறுப்புப் பெயிண்ட் போடுவார்கள். அன்றைக்குச் சாமந்தியும் மெழுகுவத்தியும் ஊதுவத்தியும் வரும். சாமியார் ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டே போவார். ஆடி அமாவாசைக்குக் காவிரியில் எள்ளும் தண்ணீரும் இறைத்துத் திதி கொடுக்கும் அண்டை வீட்டுக்காரர்களுக்கு இதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அஸ்தி விஷயத்தில் வழி பிரிகிறது. 1963இல் கத்தோலிக்கத் திருச்சபை தகனத்தை அனுமதித்தது. ஆனால் 2016இல் வெளிவந்த வத்திக்கான் அறிவுரை, சாம்பலை நீரிலோ நிலத்திலோ கரைக்கக் கூடாது, புனிதமான ஓரிடத்தில் வைக்க வேண்டும் என்கிறது. கரைவதுதான் முடிவு என்றாகிவிடக் கூடாது என்பது அதன் கவலை. காவிரியில் கரைப்பதை விடுதலையாகக் காணும் மரபின் நடுவே வாழும் கிறிஸ்தவக் குடும்பத்துக்கு, குறிப்பாகக் கலப்புத் திருமணக் குடும்பத்துக்கு, இது எளிதான கட்டளை இல்லை.

இனி, முடிவில்லாமல் வாழ்வது உண்மையில் வேண்டத்தக்கதா? திருச்சபையே இதைக் கேட்டிருக்கிறது. நான்காம் நூற்றாண்டில் ஆயர் அம்புரோஸ், தம் சகோதரனின் அடக்கத்தில் பேசியபோது, இந்தப் பாடுகளோடு முடிவே இல்லாமல் இழுத்துக்கொண்டு போவது சுமை, சாவு ஒருவகையில் மருந்து என்றார். 2007இல் 'ஸ்பே சால்வி' சுற்றுமடலில் பதினாறாம் பெனடிக்ட் அதை எடுத்துக்கொண்டு, நித்தியம் என்றால் நாட்காட்டி தீராமல் கிழிபட்டுக்கொண்டே இருப்பது என்று பொருளல்ல என விளக்கினார். யோவானின் நற்செய்தியில் நித்திய ஜீவன் கடவுளை அறியும் உறவு. செத்த பிறகு தொடங்குவதல்ல, இங்கேயே தொடங்கிவிடுவது.

ஆய்வுக்கூடங்கள் தேடுவது பெரும்பாலும் நாட்காட்டியை நீட்டும் வழியைத்தான். சிதம்பரத்தில் பிறந்து 2009இல் நோபல் பரிசு பெற்ற வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், 2024இல் வெளியிட்ட 'வை வி டை' என்ற நூலில் முதுமையின் உயிரியலை நிதானமாக அலசி, சாகாவரம் விற்கிறவர்களின் ஆரவாரத்தைச் சந்தேகத்தோடு பார்க்கிறார். உறுதிசெய்யப்பட்ட மிக நீண்ட ஆயுள் 1997இல் இறந்த ழான் கல்மான் என்ற பிரெஞ்சுப் பெண்மணியின் 122 வயது. அந்த எல்லை நாளைக்கு 150 ஆகலாம். அது யாருக்குக் கிடைக்கும் என்பது வேறு கேள்வி. வயலில் குனிந்து நாற்று நட்டு ஐம்பதிலேயே இடுப்பொடிந்தவர்களுக்கு முதலில் கிடைக்காது.

எனவே நீதியின் கேள்விக்கு வந்தே ஆகவேண்டும். நித்திய வாழ்வை நம்புவதற்கான மிக வலுவான வாதம் நீதிதான் என்று பெனடிக்ட் அதே மடலில் எழுதினார். டெல்டாவில் அதற்கு உரை எழுதத் தேவையில்லை. 1968 கிறிஸ்து பிறப்பு இரவில் கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள், பெண்களும் குழந்தைகளுமே அதிகம். குற்றம்சாட்டப்பட்ட நிலக்கிழார்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. 2004 ஜூலை 16ஆம் தேதி கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் போனார்கள். வழக்கில் தீர்ப்பு வர 2014 ஆயிற்று. ஆண்டுதோறும் அந்த நாளில் பெற்றோர்கள் படங்களின் முன் மாலையும் பிள்ளைகளுக்குப் பிடித்த தின்பண்டமும் வைத்து அழுகிறார்கள். அந்தத் தாய்மார்களிடம் போய் 'ஆன்மா அழியாது' என்பது பாதிப் பேச்சு. 'காலம் ஆற்றும்' என்பது பேச்சே இல்லை. மக்கபேயரின் தாய் சொன்னது மட்டும்தான் அந்தத் துயரத்தின் அளவுக்கு நிற்கிறது.

ஆனால் அதைச் சொல்லும் தகுதியைத் தமிழகத் திருச்சபை சம்பாதித்துக்கொள்ள வேண்டும். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களின் கல்லறைகளைப் பிரித்து ஒரு சுவர் எழுப்பினார்கள், அதை எதிர்த்து ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. எல்லாரும் ஒன்றாக எழுவோம் என்று அறிக்கையிடுகிறவர்கள் செத்த பிறகும் சாதி பார்த்துப் படுத்திருப்பது, அந்த அறிக்கையை நம்பவில்லை என்பதற்குச் செங்கல்லால் எழுதிய சாட்சி. பகுத்தறிவாளர்கள் வைத்த எந்த வாதத்தையும்விட இது கடுமையானது.

இன்னொரு கேள்வி மிச்சமிருக்கிறது, இடைமருதூரில் ஒரு கிறிஸ்தவரிடம் பக்கத்து வீட்டுக்காரர் கேட்கக்கூடியது: 'எங்க அம்மா ஆயுசுக்கும் மகாலிங்கத்தைத் தவிர வேற யாரையும் கும்பிட்டது கிடையாது. அவங்களுக்கும் இது உண்டா?' சீகன்பால்கு காலத்திலிருந்தே மிஷனரிகள் இதற்குப் பெரும்பாலும் இல்லை என்றே சொன்னார்கள். இன்றும் பல சபைகள் அப்படியே சொல்கின்றன. 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருச்சபை பற்றி வெளியிட்ட ஏட்டின் 16ஆம் பிரிவு, தன் குற்றமின்றிக் கிறிஸ்துவை அறியாமல், மனச்சாட்சியின்படி நேர்மையாகக் கடவுளைத் தேடியவர்களும் மீட்புப் பெற முடியும் என்றது. நான் இந்தப் பக்கம்தான் நிற்கிறேன். தஞ்சைச் சிவகங்கைத் தோட்டத்துச் சுவார்ட்ஸ் ஆலயத்தில் ஜான் ஃபிளாக்ஸ்மன் செதுக்கிய பளிங்குச் சிற்பம் ஒன்று இருக்கிறது. 1798இல் இறந்த பாதிரியார் சுவார்ட்ஸ் படுக்கையில் கிடக்கிறார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பது கடைசிவரை இந்துவாகவே வாழ்ந்த மன்னர் சரபோஜி. தம்மைத் தகப்பனாக வளர்த்தவரின் கல்லறைக்கு இரங்கல் கவிதையை ஆங்கிலத்தில் எழுதியவரும் அவரே. பிடித்த கையை விட மனமில்லாத அந்த ஏக்கத்துக்குத்தான் நித்திய ஜீவன் பதில் என்றால், உயிர்த்தெழும் சுவார்ட்ஸின் கையிலிருந்து சரபோஜியின் கையைப் பிரித்துவிட்டு அந்த வாக்கை எப்படி நிறைவேற்றுவது என்று எனக்குத் தெரியவில்லை.